பண்டிகை இல்லாத நாளின் பலகாரம்

தன் தட்டில் எனக்கென்று ஒரு வாய் மிச்சம் வைக்காமல் கை கழுவாத என் செல்வி அக்காவுக்கு,

நீ போன பிறகு உன்னிடம் நான் பேசாத நாளே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுவேன், பல் தேய்த்துக்கொண்டே பேசுவேன், பல்கலைக்கழகக் கேன்டீனில் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு பேசுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்காருவார்கள். ஆனால் எழுத உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. பேசினால் பாதியில் அழுது நிறுத்திவிடுகிறேன். எழுதினால் முடித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை வெளியே விடுகிறேன். உனக்குப் பிடிக்காது, தெரியும். "வீட்டு விஷயத்தை ஏண்டி வீதிக்குக் கொண்டாற?" என்பாய். வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து நாம் என்னத்தைக் கண்டோம், சொல்லு?

மதுரை ஆஸ்பத்திரியில் நீ கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். மார்பில் கட்டி இருப்பதை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தவள் நீ. டாக்டரம்மா "ஏம்மா முன்னாடியே வரல?" என்று சத்தம் போட்டபோது, "வீட்டுல வேலை சரியா இருந்துச்சுங்க" என்று பதில் சொன்னாய் பார், எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை அந்தக் கட்டிலோடு சேர்த்துக் குலுக்கியிருப்பேன். அதே கட்டிலில்தான், அத்தான் இளநீர் வாங்கப் போயிருந்த நேரத்தில், என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாய்.

"கலா, எம் மகளுக்கு யாரும் பலகாரம் சுட்டுத் தூக்கிட்டுப் போகாமப் பாத்துக்கடி."

"சரிக்கா" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை.

நீ வாழ்நாளில் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே உதவி அது. அக்கா, போன மாசி மாதம் உன் மகள் தேனுவுக்குப் பலகாரம் போனது. என்னால் தடுக்க முடியவில்லை. அதே காரில் நானும்தான் உட்கார்ந்து போனேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

படிக்கிறவர்களுக்குப் பலகாரம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். எங்கள் பக்கம் மகளைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடும்போது வெறுங்கையோடு போக மாட்டார்கள். தீபாவளி, பொங்கல், வளைகாப்பு என்றால் அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பண்டிகையும் இல்லாத நாளில், மகள் திடீரென்று ஒற்றைப் பையோடு பிறந்த வீட்டு வாசலில் வந்து நிற்பாள். யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். அம்மா ஒரு பார்வை பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போய் அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறப் போடுவாள். அரிசி ஊறி, நிழலில் காய்ந்து, இடித்துச் சலித்து, பாகு காய்ச்சிப் பிசைந்து, மாவு பதத்துக்கு வர வேண்டும் அல்லவா? அது வரைக்கும்தான் மகளுக்குப் பிறந்த வீட்டில் இடம். பலகாரம் சுட்டாகிவிட்டால், மூடி போட்ட எவர்சில்வர் சம்படத்தில் அடுக்கி, மகளையும் சேர்த்துக் காரில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள்.

உன்னைக் காளையார்கோவிலில் கட்டிக் கொடுத்த புதிதில் எனக்கு இது எதுவும் தெரியாது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அக்கா வந்தால் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறும், உடைந்த அதிரசமெல்லாம் எனக்கு. நீ என் ரூமில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாய். நான் ஒரு கையில் அதிரசத்தோடு உன் முதுகில் சாய்ந்துகொண்டு கதை கேட்பேன். நீ ஒரு தடவை "ஸ்ஸ்" என்று முதுகை இழுத்துக்கொண்டாய். "வேர்க்குருடி" என்றாய். அது மார்கழி மாதம்.

இப்போது நான் செய்கிற வேலையைப் பற்றிச் சொல்கிறேன். நீ உயிரோடு இருந்தபோதே ஆரம்பித்ததுதான். தலைப்பை உனக்கு போனில் படித்துக் காட்டினேன், நினைவிருக்கிறதா? 'நெருங்கிய துணைவரின் வன்முறையும் பாதிக்கப்பட்ட பெண்களின் உதவி நாடும் நடத்தையும்.' நீ அப்படிச் சிரித்தாய். "ஏண்டி, இதுக்கெல்லாமா பட்டம் குடுக்குறாக? அப்ப எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்றாய். நானும் சிரித்தேன். போனை வைக்கப் போகும்போது சொன்னாய்: "எல்லாத்தையும் கேளு. எங்கிட்ட மட்டும் கேள்வித்தாளைத் தூக்கிட்டு வந்துறாத."

வரவில்லை, அக்கா. உன்னைத் தவிர மற்றவர்களைத்தான் கேட்டேன்.

செக்காலையில் கேட்டேன், அரியக்குடியில் கேட்டேன், உன் காளையார்கோவிலிலும் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் போய்க் கேட்டேன். புருஷன்மார் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துப் போவேன். சத்துணவு பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்று வாசலில் சத்தமாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போவேன், பக்கத்து வீட்டுக் காதுக்காக. என் கேள்விகளில் ஒன்று: 'முதன்முதலில் யாரிடம் உதவி கேட்டீர்கள்?' கீழே பெற்றோர், உடன்பிறந்தோர், அக்கம்பக்கத்தார், மருத்துவர், காவல் நிலையம் என்று வரிசையாகப் போட்டிருக்கும். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "யாருகிட்டயும் சொல்லலம்மா."

நானும் அப்படியே குறித்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு கெட்டிக்காரி பார் உன் தங்கச்சி!

ஒரு நாள் அரியக்குடியில் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தின்னக் கொடுக்கலாம் என்று அலமாரியிலிருந்து ஒரு சம்படத்தை எடுத்து முன்னால் வைத்தாள். உள்ளே கைமுறுக்கு. தீபாவளி முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. "என்னம்மா விசேஷம்?" என்று கேட்டேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்காத்தா கொண்டாந்துச்சு" என்றாள். கையில் எடுத்த முறுக்கைத் திருப்பி வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து கேள்வியை மாற்றினேன். 'பண்டிகை இல்லாத நாளில் உங்கள் பிறந்த வீட்டிலிருந்து பலகாரம் வந்திருக்கிறதா?' ஆத்தாடி, அக்கா, ஒவ்வொருத்தியும் எப்படிப் பேசினார்கள் தெரியுமா! யாரிடமும் சொல்லவில்லை என்றவர்கள் எல்லாம் சொல்லாமலே சொல்லியிருக்கிறார்கள். வந்து வாசலில் நின்றதுதான் அவர்கள் கேட்ட உதவி. கிடைத்தது அதிரசம்.

என் நெறியாளர் அம்மா நல்ல மனுஷி. நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கலா, எனக்குப் புரியுது. ஆனா இதை எப்படி அளப்பீங்க? எந்தத் தலைப்புக்குக் கீழ கொண்டுவருவீங்க?" என்றார். இப்போதைக்கு 'மற்றவை' என்கிற இடத்தில் இருக்கிறது. நீயும் அதில்தான் இருக்கிறாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேட்டி முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் உதவி எண் அச்சடித்த சீட்டு ஒன்று கொடுப்பேன். அது விதி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். செக்காலையில் ஒரு அம்மாள் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "அரிசிப் பானையில வச்சா எங்க மாமியா கையை விடும். சாமி படத்துக்குப் பின்னாடி அவரு பீடிக்கட்டு வைப்பாரு. பீரோ சாவி அவருகிட்ட இருக்கு. நான் இதை எங்குட்டுப் போயி வைக்கிறது?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே இடம் தேடினாள். அப்புறம் பத்திரமாக என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்தால் சொல்.

இப்போது தேனு. அவளை எந்த ஊரில் கட்டிக் கொடுத்தோம் என்று இங்கே எழுதவில்லை. பெயர்களையும் மாற்றிவிட்டேன், இது என் தொழில் பழக்கம். உனக்குத் தெரிந்தால் போதும். பக்கத்து ஊர்தான், ஆட்டோவிலேயே போய்விட்டு வந்துவிடலாம். "செல்வியை எட்டாக் கையில கட்டிக் குடுத்துட்டோம், பேத்தி நம்ம கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்று அம்மா சொல்லிச் சொல்லித்தான் அந்த இடத்தை முடித்தாள். மாப்பிள்ளை ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறார், குடி கிடையாது, சிகரெட் கிடையாது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறார். எம்.காம். படித்த பிள்ளை பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாளே, கல்யாணமான மூன்றாம் மாதம் அதை நிறுத்தியபோதே எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தாள். தோளில் ஒரு பை. "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள், உன் குரலிலேயே. வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். அப்பா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர் "வா தாயி" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். அரிசி டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் எனக்கு என்ன செய்தது என்று உனக்கு மட்டும்தான் தெரியும், அக்கா.

அவளை என் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுப் பார்த்தேன். கண்டதை இங்கே எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன்: மகளிர் காவல் நிலையம், பாதுகாப்பு அலுவலர், தங்க இடம், சட்டம், வக்கீல். எல்லாரையும் தெரியும், போன் போட்டால் எடுப்பார்கள், நாளைக்கே போகலாம் என்றேன். மூச்சு வாங்கப் பேசினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து என் தலையணை உறையின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"அடிச்சதுக்கப்பறம் அழுவாக சித்தி" என்றாள். "காலைப் புடிச்சுக்கிட்டு அழுவாக."

அடிப்பாவி, அதுவும் என் ஆய்வேட்டின் இரண்டாவது அத்தியாயத்தில் இருக்கிறது. அடிக்கிறவன் அழுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன்.

"சரி, எங்கயும் போக வேணாம். இங்க என் ரூம்ல இருடி. எவன் வந்து என்ன பண்ணிருவான்னு நான் பாக்குறேன்."

"எத்தனை நாளைக்கு சித்தி?" என்று கேட்டாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு: "அம்மாவும் இந்த ரூம்லதான் வந்து படுத்துக்கிருமா?"

நீ திரும்பிப் படுத்த சுவர் அதே சுவர்தான். பெயின்ட் மட்டும் மாற்றியிருக்கிறோம்.

அடுப்படியில் அம்மாவோடு சண்டை போட்டேன். நீ இருந்திருந்தால் நடுவில் வந்து என் வாயைப் பொத்தியிருப்பாய். "அவ என்ன விருந்துக்கா வந்திருக்கா? எதுக்கு இப்ப அதிரசம்?" என்று கேட்டேன். அம்மா வெல்லத்தைத் தட்டிக்கொண்டே, "வெறுங்கையோட கொண்டுபோயி விட்டா அந்த வீட்டுல அவளுக்கு என்னடி மருவாதை?" என்றாள்.

"மருவாதை இருந்தா அவ ஏம்மா இங்க வந்து நிக்கிறா?"

"நீ படிச்சவ, பேசுவ. கட்டிக்கிட்டுப் போயி ஒரு வீட்டுல இருந்து பாரு, தெரியும்."

கல்யாணம் ஆகாதவளின் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. வியாழன் முழுக்க நானும் அம்மாவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பக் கூடாது, சனிக்கிழமையும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடலாம் என்று அப்பா டி.வி.யைப் பார்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் கைபேசி நிறைய அலுவலர்களின் எண்கள் இருக்கின்றன, ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாக இரண்டு நாள் வாங்கிக் கொடுத்தது வெள்ளிக்கிழமைதான்.

வெள்ளிக்கிழமை மாலை, மாவு பதத்துக்கு வந்துவிட்டதா என்று அம்மா தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. அவள் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கி அடுப்படித் தரையில் கவிழ்த்தேன். மாவு முழுக்கக் கீழே. "போதும்! இனிமே இந்த வீட்டுலருந்து பலகாரம் போகாது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. முட்டி வலியோடு கீழே உட்கார்ந்து கையால் மாவை வழித்து எடுக்க ஆரம்பித்தாள். "இதுவும் இல்லாம அந்த வாசல்ல போயி நின்னா எங் காலு நிக்காதுடி" என்றாள். "கையில எதையாச்சும் வச்சிருந்தாத்தான் எனக்கு அவுக மொகத்தைப் பாக்க முடியுது. உங்க அக்காளுக்கும் அதான். நான் வேற என்ன செய்ய? எனக்கு என்ன தெரியும்? நீ சொல்லு, நான் என்ன செய்ய?"

நானும் கீழே உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்தேன், பிசுபிசுவென்று இருந்தது. "ஏம்மா, உனக்கும் வந்திருக்கா?" என்று கேட்டேன். "அம்மாச்சி சுட்டுக் கொண்டாந்திருக்கா?"

அம்மா கையை உருவிக்கொண்டு மிச்ச மாவை வழித்தாள். கூடத்தில் அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

அக்கா, உனக்குத் தெரிந்திருந்ததா? எனக்கு முந்திப் பிறந்தவள், நிறையப் பார்த்திருப்பாய். ஏண்டி எனக்குச் சொல்லவில்லை?

சனிக்கிழமை காலை அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது ஹேண்டில்பாரில் கடைப்பை தொங்கியது. கிலோ கணக்கில் அதிரசம், முறுக்கு, மாவுருண்டை. நம் ஊரில்தான் பலகாரத்துக்குத் தெருவுக்கு ஒரு கடை இருக்கிறதே! இது என் புத்திக்கு எட்டவில்லை பார். மாவைக் கொட்டிவிட்டால் பலகாரம் நின்றுவிடும் என்று நினைத்த மண்டு நான்.

அம்மா கடைக் காகிதத்தைப் பிரித்து, வீட்டில் சுட்டது போலத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சம்படத்தில் அடுக்கினாள். அப்போதுதான் அந்தச் சம்படத்தைச் சரியாகப் பார்த்தேன். விளிம்பு நெளிந்திருந்தது. மூடியில் 'மீனாட்சி' என்று அம்மா பெயர் வெட்டியிருந்தது. உன் காரியத்துக்கு வீட்டை ஒழித்தபோது காளையார்கோவில் பரணில் வரிசையாக அடுக்கியிருந்தாயே, அதில் ஒன்று. எல்லாமே அம்மாவின் சம்படங்கள். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, போட்டுக் கொடுக்க உன் கையில் ஒன்றுமில்லை என்று நீ திருப்பாமலே வைத்திருந்தாய். அம்மா அன்றைக்கு அவற்றையெல்லாம் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

உனக்குப் போன சம்படத்தில் உன் மகளுக்கும் போகிறது. நான் தேனுவைப் பார்த்தேன். அவள் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். "அம்மாச்சியைத் திட்டாதீக சித்தி. போறேன்னு நான்தான் சொன்னேன்" என்றாள். கையைப் பிடித்துக் கட்டியா வைக்க முடியும்? வயது வந்த பெண். அவளுடைய முடிவை மதிக்க வேண்டும் என்று ஆராய்ச்சி நெறிமுறையில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மதித்தேன். வயிறு எரிய எரிய மதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். முன் சீட்டில் அப்பா, பின்னால் நாங்கள் மூன்று பேர். சம்படம் என் மடியில். கார் குலுங்கும்போதெல்லாம் உள்ளே மாவுருண்டை உருளுகிற சத்தம்.

தேனுவின் மாமியார் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க, வாங்க! இப்பத்தான் வாரீகளா? வெயில்ல வந்திருக்கீக, மோரு குடிங்க" என்று ஒரே உபசாரம். மாப்பிள்ளை எழுந்து நின்று கும்பிட்டார். அம்மா சம்படத்தை என்னிடமிருந்து வாங்கி இரண்டு கையாலும் நீட்டினாள். மாமியார் மூடியைத் திறந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"புள்ள கோவிச்சுக்கிட்டு வந்துருச்சேன்னு எங்களுக்கும் மனசு சங்கடமாத்தான் இருந்துச்சு. அதான் நீங்களே பலகாரத்தோட வந்துட்டீகளே, எல்லாம் சரியாப்போச்சு" என்றார்.

கேட்டாயா அக்கா? நம் அம்மா இத்தனை வருஷமாக மகளுக்கு மரியாதை என்று சுமந்துகொண்டு போனதை, அங்கே மன்னிப்புக் கேட்க வந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். அடி வாங்கியவள் பக்கத்திலிருந்து மன்னிப்பு. அம்மாவுக்கு அது புரிந்ததா இல்லையா தெரியவில்லை. சிரித்துக்கொண்டே மோரை வாங்கினாள்.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். மாமியார் அவளுக்கு ஒரு தட்டில் அதிரசம் வைத்துக் கொடுத்தார். "என்ன விசேஷம்?" என்று கேட்டாள் அவள். கேட்டுக்கொண்டே அவள் கண் தேனுவின் முழுக்கை ரவிக்கைக்குப் போய்விட்டு, என்னிடம் வந்து நின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தேனு என் கையைப் பிடித்து அழுத்தினாள், வேண்டாம் என்று. அந்தப் பெண் அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "சம்பந்தியம்மா கைப்பக்குவமே தனி" என்றாள். கடை அதிரசம், அக்கா!

கிளம்புகிற நேரம். அப்பா காரில் ஏறிவிட்டார். உள்ளே அலமாரியில் ஏற்றுவதற்காக மாமியார் அந்தச் சம்படத்தை எடுத்துக்கொண்டு போனார். உன் பரண் கண்ணில் வந்து நின்றது.

"பாத்திரத்தைக் காலி பண்ணிக் குடுங்க. கொண்டு போறேன்" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா, "ஏய் கலா, என்னடி இது, அப்புறமா வரட்டும்" என்று என் முந்தானையை இழுத்தாள். கொண்டுபோன பாத்திரத்தை அந்த நிமிஷமே கேட்பது எவ்வளவு அசிங்கம் என்று எனக்கும் தெரியும். "இல்ல, இப்பவே வேணும்" என்றேன். மாப்பிள்ளை முகத்தில் அப்போதுதான் ஒரு சின்ன மாற்றம் தெரிந்தது. மாமியார் பலகாரத்தை ஒரு தாம்பாளத்தில் கொட்டினார். வெறுமனே தரக் கூடாதென்று ஒரு கை சர்க்கரையை அள்ளிப் போட்டு மூடி நீட்டினார்.

தேனு வாசல்படியில் நின்று என் கையிலிருந்த சம்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

அவ்வளவுதான். இவ்வளவு படித்து, இத்தனை வீடு ஏறி இறங்கி, என்னால் அந்த வீட்டிலிருந்து மீட்டுக்கொண்டு வர முடிந்தது ஒரு நெளிந்த சம்படம். உன் மகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இப்போதும் தினம் போன் பேசுகிறோம். "நல்லாருக்கேன் சித்தி" என்கிறாள். நீயும் அதைத்தான் சொல்வாய். இதை எழுதப் போகிறேன் என்று அவளிடம் கேட்டேன். "எழுதிக்கங்க சித்தி, அவுக இதெல்லாம் படிக்க மாட்டாக" என்றாள். வைக்கப் போனவள், "சித்தி, அந்தச் சம்படம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். என் மேஜை மேல் என்றேன். "அம்மாச்சி எடுத்துறாமப் பாத்துக்கங்க" என்றாள்.

அக்கா, அந்தப் பக்கத்திலிருந்து வந்தது இந்த ஒரு வார்த்தைதான். அவள் உதவி கேட்டாளா, சும்மா கேட்டாளா? எனக்கு ஆராய்ச்சி தெரியும், இது தெரியவில்லை. நீ கேட்டதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்தான்.

முதல் வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதனால் சின்னதாக ஒன்று சொல்கிறேன், என் கைக்கு எட்டுகிற அளவுக்கு. பரணிலிருந்து வந்த சம்படம் அத்தனையையும் என் ரூமுக்குக் கொண்டுவந்து, சுவர் ஓரத்தில், நீ திரும்பிப் படுக்கிற பக்கத்தில் அடுக்கிவிட்டேன். ஒன்றுகூட இனி அந்த வாசலுக்குப் போகாது. கடைப்பையில் போகும் என்றால் போகட்டும், அம்மா பெயர் போகாது. தேனு அடுத்த தடவை வந்து நின்றால், நான் அரிசி டப்பாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். அவள் வர முடியாமல் போன் மட்டும் வந்தால், அந்த வீட்டுக்கு நான் போவேன். வெறுங்கையோடு போவேன். திரும்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டும்.

உன் முதுகில் சாய்ந்து அதிரசம் தின்ற தங்கச்சி,
கலா